டீசல் பிக்கப்பின் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பழுதின்றி வைத்திருப்பது எப்படி

டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுள் எஞ்சினைக் குறை சொல்பவர்கள் மிகச் சிலரே. அவர்கள் நொந்துகொள்வதெல்லாம் புகைக்குழாயின் வழியில் வரிசையாக மாட்டப்பட்டிருக்கும் கருவிகளைப் பற்றித்தான்: புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் அடைத்துக்கொண்டது, நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார் போய்விட்டது, யூரியா அமைப்பில் கோளாறு என்று சொல்லி வண்டி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. இவை எளிதில் கெட்டுப்போகும் கருவிகள் என்பதே பொதுவான கருத்து. அதில் பாதி உண்மை இருக்கிறது. நாக்ஸ் சென்சாரும் யூரியா தொட்டியின் ஹீட்டரும் தாமாகவே பழுதாகக்கூடியவைதான். ஆனால் விலை மிகுந்த பாகங்களான டிபிஎஃப், யூரியாவைக் கொண்டு நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் எஸ்சிஆர் வினையூக்கி, எஞ்சினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலர் ஆகியவை பெரும்பாலும் தாமாகக் கெடுவதில்லை. அவற்றுக்கு வேண்டிய வெப்பம் கிடைக்காமல் போயிருக்கும். அல்லது அவற்றுக்கு முன்னால் இருக்கும் ஏதோ ஒன்று பழுதாகி, அதன் கழிவு இவற்றின்மேல் வந்து படிந்திருக்கும். இவ்விரண்டு காரணங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் வண்டியை எப்படி ஓட்டுவது, எதைக் கவனிப்பது, பழுது வந்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பவை எல்லாம் தெளிவாகிவிடும்.

புகை செல்லும் வழி

அமெரிக்காவில் கனரக எஞ்சின்களுக்காக 2007இல் நடைமுறைக்கு வந்த விதி, புகைத்துகளை ஒரு குதிரைத்திறன்-மணிக்கு 0.01 கிராம் என்ற அளவுக்குக் கட்டுப்படுத்தியது. அந்த அளவை எட்டுவதற்காகவே டிபிஎஃப் வந்தது. நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கான 0.20 கிராம் வரம்பு 2010இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, யூரியா கரைசலைப் புகையில் தெளிக்கும் எஸ்சிஆர் அமைப்பும் சேர்ந்துகொண்டது. ஃபோர்டின் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கும் ஜிஎம்மின் டுராமேக்ஸ் எல்எம்எல்லும் 2011 மாடல் முதல் அதனுடன் வந்தன. ராம் 2500, 3500 பிக்கப்களின் 6.7 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினுக்கு அது 2013 மாடலில் வந்தது.

எஞ்சினிலிருந்து வெளிவரும் புகையில் ஒரு பகுதியை இஜிஆர் வால்வ் பிரித்தெடுத்து, கூலரின் வழியாகக் குளிர்வித்து, மீண்டும் காற்றுடன் கலந்து சிலிண்டருக்குள் அனுப்புகிறது. இதனால் எரிதலின் உச்ச வெப்பம் தணிந்து நைட்ரஜன் ஆக்சைடு குறைகிறது. ஆனால் கரி சற்றுக் கூடுகிறது. எஞ்சிய புகை டர்போவைச் சுழற்றிவிட்டு, டிஓசி எனப்படும் ஆக்சிஜனேற்ற வினையூக்கிக்குள் நுழைகிறது. கார்பன் மோனாக்சைடும் எரியாத எரிபொருளும் அங்கே எரிக்கப்படுகின்றன. டிபிஎஃப்பில் சேர்ந்த கரியை எரிப்பதற்கு வேண்டிய வெப்பமும் நைட்ரஜன் டைஆக்சைடும் அங்கேதான் உருவாகின்றன. டிபிஎஃப் என்பது நுண்துளைச் சுவர்களைக் கொண்ட ஒரு பீங்கான் தேன்கூடு. அதன் கண்ணறைகள் ஒன்றுவிட்டு ஒன்று அடைக்கப்பட்டிருப்பதால் புகை சுவரை ஊடுருவித்தான் வெளியேற வேண்டும், கரி சுவரிலேயே தங்கிவிடும். எஸ்சிஆர் பகுதியில் யூரியா கரைசல் அம்மோனியாவாக மாறி, நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுகிறது. சில தயாரிப்புகளில் டிபிஎஃப் முன்னும் எஸ்சிஆர் பின்னும் இருக்கும்; வேறு சிலவற்றில் இந்த வரிசை மாறியிருக்கும்.

ஒன்றின் பழுது அடுத்ததன் சுமையாகும் என்பதே இந்த வரிசையில் நாம் கவனிக்க வேண்டியது. எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகினால் கரி கூடும், ஆயில் கசியும் டர்போ டிஓசியின் முகப்பை மூடும், திறந்தபடி சிக்கிக்கொண்ட இஜிஆர் வால்வ் டிபிஎஃப்பை வழக்கத்தைவிட விரைவாக நிரப்பும். எச்சரிக்கை விளக்கு எரிவது மட்டும் கடைசியில் இருக்கும் கருவிக்காக.

வெப்பம் கிடைக்கும்படி ஓட்டுதல்

நின்றபடி ஐட்லிங்கில் ஓடும் டீசல் எஞ்சினின் புகை பெரும்பாலும் 100 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரைதான் இருக்கும். டிஓசி நன்றாக வேலை செய்வதற்கு ஏறத்தாழ 200 டிகிரிக்கு மேல் வேண்டும்; யூரியாவைத் தெளிப்பதும் அந்த அளவுக்குப் பிறகே தொடங்கும். பாரத்தை இழுத்துக்கொண்டு ஓடும்போது புகையின் வெப்பம் 250 முதல் 400 டிகிரி வரை ஏறுகிறது. அப்போது டிபிஎஃப்பில் சேர்ந்த கரி, நைட்ரஜன் டைஆக்சைடின் உதவியால், ஓட்டுபவருக்குத் தெரியாமலேயே கரைந்துகொண்டிருக்கும். எனவே வாரம் முழுவதும் டிரெய்லரை இழுக்கும் பிக்கப்பின் டிபிஎஃப் நலமாக இருப்பதிலும், நாளுக்கு நான்கு முறை பத்து நிமிடம் மட்டும் ஓடும் அதே மாடலின் டிபிஎஃப் ஓயாமல் தொல்லை கொடுப்பதிலும் வியப்படைய ஒன்றுமில்லை. குறுந்தொலைவுப் பயணம் மட்டுமே தேவைப்படுபவர்கள் பெட்ரோல் எஞ்சின் உள்ள பிக்கப்பை வாங்குவதே நல்லது என்பது என் துணிபு. எந்தப் பராமரிப்பும் இந்தப் பொருத்தமின்மையை முழுமையாக ஈடுகட்டாது.

அப்படிப்பட்ட பயன்பாட்டில் ஏற்கெனவே ஒரு டீசல் பிக்கப் சிக்கியிருந்தால், வாரத்துக்கு ஒரு முறையாவது அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். வெறுமனே உச்ச கியரில் மிதக்கவிடுவதால் பயன் குறைவு. பாரம் இழுப்பதற்கான டோ-ஹால் முறையை இயக்கியோ கியரை ஒரு படி இறக்கியோ எஞ்சின் சுழற்சியை உயர்த்தி வைத்தால் புகையின் ஓட்டமும் வெப்பமும் கூடும். டர்போவின் இதழ்களைக் குறுக்கிப் புகையை மறித்து வேகத்தைக் குறைக்கும் புகைக்குழாய் பிரேக் உள்ள வண்டியில் அதைப் பழக்கமாகப் பயன்படுத்துங்கள். டர்போவின் நகரும் இதழ்கள் அடிக்கடி முழு வீச்சில் அசைவதால் அவற்றில் கரி இறுகிச் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு குறைகிறது. காத்திருக்கும்போது எஞ்சினை நிறுத்திவிடுங்கள். பணியிடத்தில் ஓடவிட்டே ஆகவேண்டிய கட்டாயம் இருந்தால், ஐட்லிங் சுழற்சியை உயர்த்தும் வசதி வண்டியில் இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்து அதைப் பயன்படுத்துங்கள்.

கரியின் அளவு ஒரு வரம்பைத் தாண்டியதும் எஞ்சின் கணினி தானாகவே கூடுதல் எரிபொருளைச் செலுத்தி, டிபிஎஃப்பின் வெப்பத்தை 600 டிகிரிக்கு அருகே ஏற்றிக் கரியை எரிக்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் ரீஜென் என்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் இதற்கு 15 முதல் 30 நிமிடம் வரை பிடிக்கும். முகப்புப் பலகையில் அறிவிப்பு வராத வண்டிகளிலும் அறிகுறிகள் உண்டு: நிற்கும்போது ஐட்லிங் சுழற்சி வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கும், அந்தந்த நேரத்து எரிபொருள் செலவு திடீரென்று கூடியதாகத் திரை காட்டும், எஞ்சினின் ஒலி கனக்கும், நின்றதும் சூடான உலோக வாடை வரும், ரேடியேட்டர் விசிறி காரணமின்றி வேகமாகச் சுற்றும். அந்த நேரத்தில் வீட்டு வாசல் வந்துவிட்டாலும் எஞ்சினை நிறுத்தாமல், இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டி அதை முடிக்கவிடுங்கள். ஒரு முறை நிறுத்திவிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் தொடர்ந்து பாதியிலேயே நிறுத்தினால் கரி சேர்ந்துகொண்டே போகும், எரியாத டீசல் ஆயிலில் கலந்துகொண்டே இருக்கும். ரீஜென் நடக்கும்போதோ அது முடிந்தவுடனோ காய்ந்த புல்லின் மேலோ சருகின் மேலோ வண்டியை நிறுத்தவே கூடாது. தீப்பிடிக்கும்.

இரண்டு ரீஜென்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று குறித்து வைத்துக்கொள்வது, செலவில்லாத மிகச் சிறந்த நோயறி முறை. எண் வண்டிக்கு வண்டி மாறும். பல பிக்கப்களில் அது சில நூறு கிலோமீட்டராக இருக்கும். ஓட்டும் முறை மாறாமலேயே அந்த இடைவெளி பாதியாகச் சுருங்கினால், விளக்கு எரியும்வரை காத்திராமல் காரணத்தைத் தேடத் தொடங்க வேண்டும்.

ஆயிலும் எரிபொருளும்

கரி எரியும், சாம்பல் எரியாது. எஞ்சின் ஆயிலில் சேர்க்கப்படும் கால்சியம், துத்தநாகம் போன்றவற்றின் சேர்மங்கள், ஆயில் சிறிது சிறிதாக எரியும்போது சாம்பலாகி டிபிஎஃப்பில் தங்கிவிடுகின்றன. எத்தனை ரீஜென் நடந்தாலும் அவை வெளியேறா. ஆகவே உற்பத்தியாளர் குறிப்பிட்ட, சாம்பல் குறைந்த ஆயிலை மட்டுமே ஊற்ற வேண்டும். அமெரிக்க பிக்கப்களுக்கு அது பெரும்பாலும் ஏபிஐ சிகே-4 தரம். அதில் சல்ஃபேட் சாம்பலின் வரம்பு 1.0 விழுக்காடு. பழைய டீசல் எஞ்சின்களுக்கான ஆயில் கெட்டியாக இருக்கிறதே என்று அதை ஊற்றுபவர்கள் டிபிஎஃப்பின் ஆயுளைத்தான் குறைக்கிறார்கள்.

ஆயில் மட்டம் குறைகிறதா என்று பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம். இந்த எஞ்சின்களில் அது கூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ரீஜெனுக்கான கூடுதல் டீசலைச் சிலிண்டருக்குள்ளேயே மிகத் தாமதமாகத் தெளிக்கும் எஞ்சின்களில், அதன் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் படிந்து கீழே ஆயிலுக்குள் இறங்கிவிடுகிறது. ஃபோர்டின் 2008 முதல் 2010 வரையிலான 6.4 லிட்டர் எஞ்சின் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஜிஎம்மின் எல்எம்எல் எஞ்சினில் எட்டு சிலிண்டர்களுக்குமான எட்டு இன்ஜெக்டர்கள் போக ஒன்பதாவது ஒன்றைப் புகைக்குழாயிலேயே வைத்து இந்தத் தொல்லையைத் தவிர்த்தார்கள். சமதரையில், எஞ்சின் ஆறிய பிறகு, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மீண்டும் விட்டெடுங்கள். மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால், ஒரு துளியை விரல்களுக்கிடையே தேய்த்து முகர்ந்து பாருங்கள். வழுவழுப்பு குறைந்து, டீசல் வாடை தெளிவாக வந்தால் அடுத்த ஆயில் மாற்றத்துக்கான கிலோமீட்டர் ஆகவில்லையே என்று தயங்காமல் மாற்றிவிடுங்கள். ஆயில் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. டீசல் கலப்பு 3 முதல் 5 விழுக்காட்டை எட்டினால் பேரிங்குகளுக்கு ஆபத்து என்று கொள்ளலாம். பயோடீசல் அதிகம் கலந்த எரிபொருள் ஆயிலில் இறங்கினால் எளிதில் ஆவியாகாது என்பதால், கையேடு அனுமதிக்கும் விழுக்காட்டை மீற வேண்டாம்.

டீசலில் கந்தகம் குறைவாக இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) கந்தக வரம்பு கொண்ட டீசல் 2006இல் வந்ததே இந்தக் கருவிகளுக்கு வழிவிடத்தான். எரிபொருள் ஃபில்டரைக் குறித்த காலத்தில் மாற்றி, அதன் அடியில் தேங்கும் நீரை வடித்துவிடுங்கள்.

யூரியா கரைசல்

டிஇஎஃப் என்றும் ஆட்புளூ என்றும் விற்கப்படுவது ஒரே பொருள்தான்: கனிமங்கள் நீக்கிய நீரில் 32.5 விழுக்காடு யூரியா. ஐஎஸ்ஓ 22241 என்ற தரக் குறியீடு கலத்தின் மேல் இருக்கிறதா என்று பாருங்கள். உர யூரியாவைக் குழாய் நீரில் கரைத்து ஊற்றுவது சிக்கனம் ஆகாது. அதிலுள்ள கனிமங்கள் எஸ்சிஆர் வினையூக்கியை நிலையாகக் கெடுத்துவிடும். கரைசல் வெயிலில் கெடும் இயல்புடையது. 25 டிகிரிக்கு உட்பட்ட இடத்தில் ஓராண்டுக்கு மேல் தாங்குவது, தொடர்ந்து 35 டிகிரி வெப்பத்தில் கிடந்தால் அதில் பாதிக் காலம்கூடத் தாங்குவது கடினம். எனவே பெரிய கலத்தை வாங்கி வண்டியின் பின்புறத்தில் வெயிலில் போட்டு வைக்காமல், தேவைக்கேற்பச் சிறு கலங்களில் வாங்குங்கள்; தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். வண்டி நெடுநாள் நிற்கப்போகிறது என்றால் தொட்டியிலும் குறைவாகவே இருக்கட்டும்.

குளிர்நாடுகளில் இது −11 டிகிரியில் உறையும். உறைவதால் கரைசல் கெடுவதில்லை. தொட்டிக்குள் இருக்கும் ஹீட்டர் அதை உருக்கிக்கொள்ளும். உறையும்போது ஏறத்தாழ 7 விழுக்காடு விரிவடையும் என்பதால் தொட்டியை விளிம்புவரை நிரப்பக் கூடாது. மூடியைத் திறக்கும்போது வாயைச் சுற்றி வெள்ளைப் பொடி போலப் படிகம் தெரிந்தால் அது காய்ந்த யூரியாதான். ஈரத்துணியால் துடைத்தெடுத்துவிட்டு ஊற்றுங்கள். அதே படிகம் தெளிப்பு முனையிலும் சேரும். குறைந்த வெப்பத்திலேயே ஓடும் வண்டியில் அது கெட்டியான வெள்ளைக் கட்டியாகிப் புகையின் வழியையே மறிக்கும். ஆக, இங்கும் மூலக் காரணம் வெப்பக் குறைவுதான்.

யூரியா தொட்டியின் நீல மூடிக்குள் டீசலையோ, டீசல் தொட்டிக்குள் யூரியாவையோ ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே வேண்டாம். பம்ப் சுழலாதவரை தொட்டியை வடித்துக் கழுவுவதோடு வேலை முடிந்துவிடும். டீசலில் யூரியா கலந்த நிலையில் சுழன்றுவிட்டால் உயர் அழுத்தப் பம்ப் முதல் இன்ஜெக்டர்வரை எல்லாவற்றையும் மாற்ற நேரிடலாம்.

பழுது வந்தால் தேடும் வரிசை

விளக்கு எரிந்ததும் பாகத்தை மாற்றிவிடாதீர்கள். முதலில் வண்டியின் கணினியில் பதிவான பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி எல்லாக் குறியீடுகளையும், அவை பதிவானபோது இருந்த வெப்பம், வேகம், சுமை ஆகியவற்றோடு எழுதிக்கொள்ளுங்கள். பி2463 என்றால் டிபிஎஃப்பில் கரி மிகுந்துவிட்டது; பி242எஃப் என்றால் சாம்பல் நிறைந்துவிட்டதாகக் கணினி கருதுகிறது. முன்னது காரணத்தைத் தேடச் சொல்வது, பின்னது கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்வது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, சாம்பல் நிறைந்த டிபிஎஃப்புக்குத் திரும்பத் திரும்ப ரீஜென் கொடுப்பதைப் பல பணிமனைகளில் காணலாம்.

கரி மிகுந்ததாகக் குறியீடு சொன்னால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அதை அளக்கும் அழுத்த வேறுபாட்டுச் சென்சாரை. டிபிஎஃப்பின் முன்னும் பின்னும் இருந்து வரும் இரண்டு சிறு குழாய்களின் அழுத்தத்தை அது ஒப்பிடுகிறது. எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி ஸ்கேனரில் பாருங்கள். அளவு சுழியமாகவோ அதையொட்டியோ இருக்க வேண்டும். இல்லையென்றால் சென்சார் பொய் சொல்கிறது. ரப்பர் குழாய்களைக் கழற்றி, விரிசலோ வெப்பத்தில் உருகிய இடமோ இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். ஊதிப் பார்த்தால் அடைப்பும் தெரிந்துவிடும். டிபிஎஃப் ஒன்றின் விலையை இந்தச் சிறு குழாயின் விலையோடு ஒப்பிட்டால், அந்தப் பத்து நிமிடச் சோதனையை யாரும் தவிர்க்கமாட்டார்கள்.

சென்சார் சரி என்றால், கரி எங்கிருந்து வருகிறது என்று எஞ்சினை நோக்கித் தேடிச் செல்லுங்கள். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய் இணைப்புகளில் காற்றுக் கசிவு, டர்போவின் இதழ்கள் சிக்கியிருத்தல், சிலிண்டர்களைச் சமன்படுத்தக் கணினி ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் செய்யும் திருத்த அளவுகளில் ஒன்று மட்டும் தனித்து நிற்பது, இஜிஆர் வால்வ் முழுமையாக மூடாமை ஆகியவற்றைப் பாருங்கள். ரீஜெனின்போது டிபிஎஃப்புக்கு முன்னுள்ள வெப்பமானி 500 டிகிரியைக்கூட எட்டவில்லை என்றால், டிஓசியின் முகப்பு கரியால் மூடப்பட்டிருக்கலாம். கூலன்ட் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்று எஞ்சின் சூடேறாமல் இருந்தாலும் பல வண்டிகளில் ரீஜென் தொடங்கவே தொடங்காது. மலிவான அந்தத் தெர்மோஸ்டாட்டை யாரும் சந்தேகிப்பதில்லை. இவற்றைச் சரிசெய்த பிறகே, திறந்த வெளியில், ஸ்கேனர் மூலம் கட்டாய ரீஜென் செய்ய வேண்டும். ஆயில் மட்டம் உயர்ந்திருந்தாலோ, கரியின் அளவு உற்பத்தியாளர் அனுமதிக்கும் வரம்பைத் தாண்டியிருந்தாலோ அதைச் செய்யக் கூடாது. அளவுக்கு மீறிய கரி ஒரே மூச்சில் எரிந்தால் பீங்கான் வெடித்துவிடும்.

சாம்பல் நிறைந்த டிபிஎஃப்பைக் கழற்றி, உலையில் சுட்டு, எதிர்த்திசையில் காற்று செலுத்திச் சுத்தம் செய்யும் பணிமனைக்கு அனுப்புங்கள். சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த எடையையோ காற்றோட்ட அளவையோ கேட்டு வாங்குங்கள். வீட்டிலுள்ள உயர் அழுத்த நீர்ப்பீச்சால் கழுவினால் வினையூக்கிப் பூச்சு உரிந்துபோகலாம்.

இஜிஆர் கூலர் உள்ளே கிழிந்தால் வெளியே ஒழுக்கு தெரியாது. கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே போகும், புகையில் வெண்ணிற ஆவி கலந்திருக்கும். ஃபோர்டின் 6.0 லிட்டர் எஞ்சின் இந்தப் பழுதுக்குப் பெயர்பெற்றது. அங்கே நடந்தது என்னவென்றால், ஆயில் கூலரின் நுண்வழிகள் கூலன்டிலுள்ள கசடால் அடைபட்டு, அதற்குப் பின்னால் இருந்த இஜிஆர் கூலருக்குக் குளிர்நீர் போதாமல் அது கொதித்துக் கிழிந்தது. இஜிஆர் கூலரை மட்டும் மாற்றியவர்களுக்குப் புதியதும் அதே வழியில் போயிற்று.

பி20இஇ குறியீடு, எஸ்சிஆர் நைட்ரஜன் ஆக்சைடைப் போதிய அளவு குறைக்கவில்லை என்கிறது. இதைப் பார்த்ததும் நாக்ஸ் சென்சாரை மாற்றுவது வழக்கமாகிவிட்டது. காய்ச்சலுக்கு வெப்பமானியை மாற்றுவது போன்றது அது. கரைசலின் செறிவை ஒளிவிலகல்மானியால் அளப்பது, தெளிப்பு முனையைக் கழற்றிப் படிகம் இருக்கிறதா என்று பார்ப்பது, அளவுக் குடுவைக்குள் தெளிக்கவிட்டு வெளிவரும் அளவைச் சோதிப்பது, சென்சாருக்கு முன்னுள்ள இணைப்புகளில் புகைக்கசிவு இருக்கிறதா என்று தேடுவது, எஞ்சின் கணினிக்கு மென்பொருள் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று விசாரிப்பது ஆகிய ஐந்தும் முடிந்த பிறகே சென்சாரின் பக்கம் போக வேண்டும். யூரியா பழுதுக்கான கவுண்டவுன் திரையில் ஓடத் தொடங்கியிருந்தால், எஞ்சியிருக்கும் கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு அதற்குள் பணிமனையை அடையுங்கள். அமெரிக்க பிக்கப்கள் பலவற்றில் கடைசிக் கட்டத்தில் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டராகக் கட்டுப்படுத்தப்படும்.

கழற்றி எறிவதும், பழைய வண்டி வாங்குவதும்

இத்தனை தொல்லைக்கும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறுங்குழாய் போடுவதே தீர்வு என்று சொல்பவர்கள் உண்டு. அது அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் தடைசெய்யும் செயல். வேறு பல நாடுகளிலும் அப்படியே. கழற்றினால் விளக்கு அணையும், ஆனால் ஒழுகும் இன்ஜெக்டர் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். முன்பு டிபிஎஃப் அடைபட்டுத் தெரிவித்த செய்தியை இனிப் பிஸ்டன் உருகித் தெரிவிக்கும். உற்பத்தியாளர்களும் இதில் தூயவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும்: 2013 முதல் 2019 வரையிலான ராம் பிக்கப்களின் எஞ்சின் மென்பொருள் தொடர்பாக கம்மின்ஸ் நிறுவனம் 167.5 கோடி டாலர் அபராதம் செலுத்த 2023 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டுகளின் வண்டியை வாங்குபவர்கள், அதற்கான மென்பொருள் திருத்தம் செய்யப்பட்டிருக்கிறதா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்து விசாரிக்கலாம்.

பழைய டீசல் பிக்கப்பைப் பார்க்கப் போகும்போது, புகைக்குழாயின் முனைக்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். டிபிஎஃப் நலமாக இருந்தால் விரலில் சாம்பல்நிறத் தூசு மெலிதாக ஒட்டும், அவ்வளவுதான். கருமை அப்பினால் டிபிஎஃப் விரிசல் விட்டிருக்கிறது அல்லது உள்ளே ஒன்றுமே இல்லை. எஞ்சின் ஓடிய மொத்த மணிநேரத்தையும் ஐட்லிங் மணிநேரத்தையும் முகப்புத் திரையிலோ ஸ்கேனரிலோ எடுத்து ஒப்பிடுங்கள். மொத்தத்தில் பாதி ஐட்லிங் என்றால், ஓடிய கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் நான் அந்த வண்டியை வாங்கமாட்டேன். கடைசியாக, வண்டி தன் கருவிகளைத் தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினஸ் பகுதியை ஸ்கேனரில் திறந்து பாருங்கள். குறியீடு எதுவும் இல்லாமல், டிபிஎஃப், நாக்ஸ், இஜிஆர் சோதனைகள் எல்லாமே முடியாத நிலையில் இருந்தால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் யாரோ குறியீடுகளை அழித்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தச் சோதனைகள் முடியும்வரை வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்லி, மறுநாள் மீண்டும் ஸ்கேனரோடு செல்லுங்கள்.